ஒரு சொல்லுக்காக பான் நகரம் வரை

ஜெர்மனியின் பான் நகரில் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் ஐ.நா. காலநிலைப் பேச்சுவார்த்தை நடக்கும். ஆண்டுக் கடைசியில் நடக்கும் பெரிய மாநாட்டுக்கு முன்னால் வரைவுகளைத் தயார் செய்யும் கூட்டம் அது. இந்த முறை இளைஞர் குழுவின் பார்வையாளராக நானும் போயிருந்தேன். தினமும் இரவு கைபேசியில் குறித்து வைத்ததை நாள்வாரியாகத் தருகிறேன். சில நாட்களில் எழுதத் தெம்பில்லை. அவற்றை விட்டுவிட்டேன்.

ஜூன் 15, 2025, ஞாயிறு

பான் வந்து சேர்ந்தபோது மாலை ஏழு மணி. வெயிலைப் பார்த்தால் பிற்பகல் மூன்று மணி என்றுதான் சொல்லத் தோன்றும். இரவு பத்து மணிக்கும் முழுதாக இருட்டவில்லை. ரைன் ஆற்றுக்கு அக்கரையில் பாய்ல் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மாடியறை எனக்கு. ஓர் இரவுக்கு 70 யூரோ, இரண்டு பேர் பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு. மாநாட்டு மையத்துக்குப் பக்கத்து விடுதிகளில் இதைவிட இரண்டு, மூன்று மடங்கு கேட்டார்கள்.

அறையைப் பகிர வேண்டிய தோழி உகாண்டாவைச் சேர்ந்தவள். அவள் இன்னும் வரவில்லை. விசாவுக்கு 90 யூரோ கட்டி, விண்ணப்பம் கொடுத்து ஐந்து வாரம் ஆகியும் ஒரு தூதரகத்திலிருந்து பதில் இல்லை. மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. கட்டில் இரண்டு, ஆள் ஒன்று என்று அறை என்னவோ போல் இருந்தது.

இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. தெருத்தெருவாக நடந்து கடைசியில் ஒரு துருக்கியர் கடையில் டோனர் என்ற இறைச்சி ரொட்டி கிடைத்தது. ஏழரை யூரோ. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே மிளகாய்த்தூளைக் கொஞ்சம் அதிகமாகத் தூவினார். தண்ணீர் பாட்டிலுக்கு 25 சென்ட் கூடுதலாக வாங்கினார். ஏமாற்றுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். அது பாட்டிலுக்கான முன்பணமாம், காலி பாட்டிலை எந்தக் கடையில் போட்டாலும் திரும்பக் கிடைக்குமாம். வீட்டுக்கார அம்மா பொறுமையாக விளக்கினார்.

ஜூன் 16, திங்கள்

காலையில் பேட்ஜ் வாங்கினேன். நாடுகளின் பிரதிநிதிகளுக்கு இளஞ்சிவப்பு, எங்களைப் போன்ற பார்வையாளர்களுக்கு மஞ்சள். அரை நாளுக்குள் எனக்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது: எதிரே வருபவரின் முகத்துக்கு முன்னால் பேட்ஜின் நிறத்தைப் பார்ப்பது. அங்கே எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

இளைஞர் குழுவுக்கு யங்கோ என்று பெயர். காலநிலை உடன்படிக்கையின் கீழ் விவசாயிகள், தொழிற்சங்கங்கள், பழங்குடியினர், பெண்கள், வணிகர்கள் என்று ஒன்பது பார்வையாளர் பிரிவுகளுக்கு அதிகாரபூர்வ இடம் உண்டு. இளைஞர்களுக்கு 2009இல் தற்காலிகமாகவும் 2011இல் முறையாகவும் அந்த இடம் கிடைத்தது. தினமும் காலையில் கூடிப் பேசி, யார் எந்த அறைக்குப் போவது என்று பிரித்துக்கொள்வோம். குழுவின் சார்பில் பேச இரண்டு பேர்: ஒருவர் வளர்ந்த நாடுகளிலிருந்து, ஒருவர் வளரும் நாடுகளிலிருந்து. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. இல்லாவிட்டால் விசா சுலபமாகக் கிடைப்பவர்களின் குரலே எல்லோருடைய குரலும் ஆகிவிடும்.

ஆனால் இன்று அறைகளில் ஒன்றும் நடக்கவில்லை. நிகழ்ச்சி நிரலிலேயே நாடுகள் ஒத்துவரவில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 9.1 பிரிவின்படி வளர்ந்த நாடுகள் தர வேண்டிய நிதியைத் தனித் தலைப்பாகப் பேச வேண்டும், இறக்குமதிப் பொருள்களின் கார்பன் உமிழ்வுக்காக எல்லையில் விதிக்கும் வரி போன்ற ஒருதலைப்பட்ச வர்த்தக நடவடிக்கைகளையும் பேச வேண்டும் என்று வளரும் நாடுகளின் ஓர் அணி கேட்டது. இங்கே எதையும் ஒருமித்த கருத்தோடுதான் தொடங்க முடியும். காலையில் தொடங்க வேண்டிய கூட்டம் மதியம் ஆயிற்று, மாலை ஆயிற்று.

நடைபாதைத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். ஆறாவது முறையாக வந்திருந்த பிலிப்பைன்ஸ் நண்பர் ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். “அறைக்குள் நடப்பதைக் குறித்துக்கொள். ஆனால் வேலை நடப்பது காபி வரிசையில்” என்றார். எந்தெந்த நாட்டு அதிகாரி எந்த மேசையில் உட்காருவார் என்று விரல் நீட்டாமல், கண்ணாலேயே காட்டினார்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் காத்திருப்பு. மாலைதான் ஒருவழியாகக் கூட்டம் தொடங்கியது. இரண்டு நாள் போனதில் பலருக்குக் கோபம். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. பணம் யார் தருவது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பேசுவதில் என்ன இருக்கிறது? அந்தக் கணக்கைக் கடைசியில் கட்டப்போவது எங்கள் வயதுக்காரர்கள்தானே.

பகலில் பழைய நாடாளுமன்ற மண்டபத்தைப் பார்த்தேன். மேற்கு ஜெர்மனிக்கு பான் தலைநகராக இருந்ததன் நினைவு அது. 1999இல் பெர்லினுக்கு மாறும்வரை எம்.பி.க்கள் இங்கேதான் கூடினார்கள். கண்ணாடிச் சுவர்கள், வட்டமாக அடுக்கிய இருக்கைகள். உலக நாடாளுமன்றங்களில் 30 வயதும் அதற்குக் குறைவுமான உறுப்பினர்கள் வெறும் 2.8 சதவீதம் என்று நாடாளுமன்றங்களுக்கிடையிலான ஒன்றியம் 2023இல் கணக்கிட்டது. அங்கே நின்றபோது அந்த எண் நினைவுக்கு வந்தது. நூறு நாற்காலிக்கு மூன்றுகூட இல்லை.

இரவு வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் பேத்தி போன ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் பதினாறு வயதில் வாக்களித்தாளாம். ஜெர்மனி அந்தத் தேர்தலுக்கு வாக்களிக்கும் வயதைப் பதினாறாகக் குறைத்திருக்கிறது. “வாக்குச்சாவடிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், உள்ளே மட்டும் தனியாகப் போய்விட்டாள்” என்று சொல்லிச் சிரித்தார்.

ஜூன் 18, புதன்

இன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. தகவமைப்புக்கான, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப வாழ்க்கையை மாற்றிக்கொள்வதற்கான, உலக இலக்கு பற்றிய அறையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது.

வறட்சி, வெள்ளம், வெப்பம் எல்லாம் வரும்போது மக்கள் எந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதை உலகம் முழுக்க ஒரே மாதிரி அளப்பதற்குக் குறியீடுகள் வேண்டும். முதலில் 9,000க்கும் மேல் சேர்ந்தன. நிபுணர்கள் அவற்றை 490 ஆகக் குறைத்தார்கள். இனி நூறுக்குள் கொண்டுவர வேண்டும், நவம்பரில் பிரேசிலின் பெலேம் மாநாட்டில் முடிவு. எதை அளக்கிறார்களோ அதற்குத்தான் நாளை பணம் போகும் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை.

எங்கள் குழு கேட்பது ஒரே ஒரு சொல். பாதிக்கப்பட்ட மனிதர்களை எங்கெல்லாம் எண்ணுகிறார்களோ அங்கெல்லாம் “வயது” வாரியாகவும் பிரித்து எண்ண வேண்டும். ஒரு மாவட்டத்தில் பத்தாயிரம் பேர் வறட்சியால் இடம்பெயர்ந்தார்கள் என்றால், அதில் எத்தனை பேர் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. தெரியாவிட்டால் அவர்களுக்கென்று ஒரு திட்டமும் வராது.

அறைகளுக்கு ஊர்ப்பெயர்கள் வைத்திருக்கிறார்கள். நைரோபி என்று ஓர் அறை, நியூயார்க் என்று பெரிய மண்டபம். நடுவில் மேசைகளும் மைக்குகளும் நாடுகளுக்கு. சுவரோர நாற்காலிகள் எங்களுக்கு. ஒருங்கிணைப்பாளர்கள் அழைத்தாலொழிய நாங்கள் வாய் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருப்பது எவ்வளவு களைப்பு என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவர்கள் பேசுவது எனக்குத் தெரிந்த விஷயம், சிலர் சொல்வது தவறு என்றுகூடத் தெரிகிறது, கை மட்டும் மடிமீது இருக்கிறது.

உகாண்டாத் தோழியிடமிருந்து நள்ளிரவில் செய்தி: விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராக விமான நிலையம் போகிறாளாம்.

ஜூன் 19, வியாழன்

இன்று இங்கே ஒரு கத்தோலிக்கத் திருநாள், பொது விடுமுறை. மறுபடியும் கடைகள் அடைப்பு. வீதியில் பாட்டோடு ஓர் ஊர்வலம் போயிற்று, சின்னக் குழந்தைகள் பூவைத் தூவிக்கொண்டு போனார்கள். கூட்டத்துக்கு மட்டும் விடுமுறை இல்லை.

தோழி மாலையில் வந்து சேர்ந்தாள். பெட்டி வரவில்லை. வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது, இரண்டு நாளில் வரும் என்று ஒரு காகிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைகள் இல்லாத நாளில் மாற்றுடைக்கு எங்கே போவது? என்னுடைய சட்டை அவளுக்குக் கொஞ்சம் இறுக்கம், ஆனால் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கார அம்மா கீழே கூப்பிட்டு வெள்ளை அஸ்பாரகஸ் என்ற இளந்தண்டில் செய்த சூப்பும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வைத்தார். அந்தத் தண்டுக்கு ஜூன் 24ஆம் தேதியோடு பருவம் முடிகிறதாம். அதற்குப் பிறகு பறிக்க மாட்டார்கள், செடி அடுத்த ஆண்டுக்குத் தெம்பு சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பு குறைவுதான். ஆனால் இரண்டு பேரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

அவள் உகாண்டாவின் வடகிழக்கில் கரமோஜா பகுதியில் பள்ளி ஆசிரியை. மழை பொய்த்துப் பொய்த்து வாழ்க்கையே ஆட்டம் கண்ட பகுதி அது. மழை இல்லாத பருவத்தில் முதலில் காலியாவது பெண் பிள்ளைகளின் பெஞ்சு என்றாள். தண்ணீருக்குப் போவார்கள், பிறகு வேலைக்கு, பிறகு திரும்ப மாட்டார்கள். “வருகைப் பதிவேட்டில் நான் பேரை அடிப்பேன். அதற்கு மேல் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை” என்றாள். அவள் நாட்டில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 18 வயதுக்குக் கீழ். குறியீடுகளில் வயது வேண்டும் என்ற யோசனை முதலில் அவளிடமிருந்து வந்ததுதான். அது விவாதத்துக்கு வந்த முதல் நாள் அவள் விமானத்தில்கூட ஏறியிருக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இதைக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

இன்று ஒரு கலந்துரையாடலில் பார்வையாளர் பிரிவுகளுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் சார்பில் தோழி பேசுவதாக முடிவு. நேற்று இரவு இரண்டு மணி வரை எழுதினோம். ஐந்து கண்டங்களிலிருந்து திருத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒருவர் சேர்ப்பார், ஒருவர் வெட்டுவார். மெதுவாக வாசித்தால் இரண்டு நிமிடத்தில் 220 சொல்தான் அடங்குகிறது. கைபேசியில் நேரம் வைத்து, அவள் கட்டிலில் உட்கார்ந்து வாசிக்க, நான் எண்ணினேன். பத்தாவது முறை சரியாக ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு வினாடி.

நாடுகள் பேசி முடிக்கவே நேரம் கடந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் கிளம்ப வேண்டும். தலைமையில் இருந்தவர் வருத்தத்தோடுதான் சொன்னார்: இனி ஆளுக்கு ஒரு நிமிடம். எங்கள் முறை கடைசி. மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலி. தோழி மைக்கை அழுத்தினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. காகிதத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டாள். வருகைப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னாள். இந்த ஆண்டு அவள் அடித்த பதினொரு பெயர்களைப் பற்றிச் சொன்னாள். “உங்கள் நூறு குறியீடுகளில் இந்தப் பதினொரு பேரை எங்கே தேடுவது என்று எனக்குச் சொல்லுங்கள்” என்று முடித்தாள். ஐம்பது வினாடி.

கைதட்டினார்கள். இளைஞர்கள் பேசினால் எப்போதும் கைதட்டுகிறார்கள். 1992இல் ரியோ பூமி உச்சி மாநாட்டில் கனடாவின் செவர்ன் கல்லிஸ் சுசுகி என்ற 12 வயதுச் சிறுமி பேசியபோதும் தட்டினார்கள். அதே 1992இல் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் யுனிசெஃபுக்காக ஓர் ஏணியை வரைந்து காட்டினார். பிள்ளைகளின் பங்கேற்புக்கு எட்டுப் படிகள். கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே இல்லை என்றார்: பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு ஒருவரை உட்கார வைப்பது. மேல்படிகளுக்கு ஏற ஏற, முடிவில் அவர்களுக்கும் பங்கு வருகிறது. இந்த ஏணியை எங்கள் குழுவில் அடிக்கடி சொல்வோம். கைதட்டல் எந்தப் படி என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. தோழியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. வெளியே கூட்டிப் போனேன்.

அப்போதுதான் இளஞ்சிவப்பு பேட்ஜ் போட்ட ஒரு பெண் பின்னாலேயே வந்தார். பசிபிக் தீவு நாடு ஒன்றின் பேச்சாளர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. “மடித்து வைத்தீர்களே, அந்தக் காகிதம் எனக்கு வேண்டும்” என்றார். நின்றபடியே படித்தார். எந்த வரி முக்கியம், எந்தக் குறியீட்டில் சேர்க்க வேண்டும், எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டார். பதில்களை ஓரத்தில் எழுதிக்கொண்டார். “ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் மஞ்சள்தான்” என்று தன் பேட்ஜைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 21, சனி

கொளுத்துகிறது. இங்கே வீடுகள் குளிரைத் தடுக்கக் கட்டியவை. மின்விசிறி கிடையாது. மாடியறை அடுப்பு மாதிரி. வீட்டுக்கார அம்மா பகலெல்லாம் ஜன்னல் மறைப்பை இறக்கி வைக்கச் சொன்னார். அவர் சொன்னபடி செய்ததும் கொஞ்சம் பரவாயில்லை.

தகவமைப்பு அறையில், மதியத்துக்குச் சற்று முன்னால், அந்தப் பெண் தன் நாட்டின் பெயர்ப்பலகையை நிமிர்த்தி வைத்தார். அங்கே பேச விரும்பினால் பலகையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். மூன்று விஷயம் பேசினார். மூன்றாவதாக, வயது வாரியாகப் பிரித்த தரவு வேண்டும், காரணங்கள் இவை என்று எங்கள் காகிதத்திலிருந்த வரியைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்னார். ஒருங்கிணைப்பாளர் குறித்துக்கொண்டார். இன்னொரு நாடு ஆமோதித்தது. ஒரு நாடு, தரவு திரட்டுவது சுமை, நிதி யார் தருவார்கள் என்று கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான்.

சுவரோர நாற்காலியில் தோழி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது.

மைக் கிடைப்பதற்கும் ஒரு நாடு நம் சொல்லைத் தன் சொல்லாக எடுத்துக்கொள்வதற்கும் உள்ள தூரத்தை இன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்தத் தூரத்தைக் கடக்க அவரைப் போல உள்ளே ஓர் ஆள் வேண்டும். சில நாடுகள் இதை வழக்கமாகவே வைத்திருக்கின்றன. நெதர்லாந்து 1970லிருந்தே ஐ.நா. பொதுச்சபைக்குத் தன் குழுவில் ஓர் இளைஞரைச் சேர்த்து அனுப்புகிறது. பெரும்பாலான நாடுகளுக்கு அந்தப் பழக்கமில்லை. அனுப்பினாலும் விமானச் செலவை நீயே பார்த்துக்கொள் என்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் போக முடியும். 2015இல் ஜெனீவாவில் ஐ.நா.வில் சம்பளமில்லாப் பயிற்சியில் இருந்த ஓர் இளைஞர் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கூடாரத்தில் தங்கிய செய்தி உலகமெல்லாம் வந்ததே.

மாலை ஆற்றங்கரையில் புல்லில் உட்கார்ந்தோம். யார் இளைஞர் என்று ஒரு பேச்சு வந்தது. ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு 15 முதல் 24 வரை. அமைதி, பாதுகாப்பு பற்றிப் பேசும் பாதுகாப்பு சபையின் 2250ஆம் தீர்மானத்துக்கு 18 முதல் 29. ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்துக்கு 35 வரை. 2017இல் ஐ.நா. பொதுச்செயலாளரின் இளைஞர் தூதராக நியமிக்கப்பட்டபோது இலங்கையின் ஜயத்மா விக்ரமநாயக்கவுக்கு வயது 26, அதாவது புள்ளிவிவரப்படி அவர் இளைஞரே இல்லை. தோழிக்கு அடுத்த மாதம் 30 ஆகிறது. “எனக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது” என்றாள்.

அவளுடைய பெட்டி இரவு ஒன்பதுக்கு வந்து சேர்ந்தது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று கூட்டம் இல்லை. பசிபிக் பேச்சாளர் நேற்று ஒரு கதை சொன்னார். அதைக் கேட்டபிறகு, சர்வதேச நீதிமன்றம் இருக்கும் நெதர்லாந்தின் ஹேக் நகரத்தைப் பார்க்காமல் போக மனமில்லை. நான்கு மணி நேரப் பயணம் என்றார்கள். கொலோனில் முதல் ரயில் தாமதமாகி, அடுத்த ரயிலைத் தவறவிட்டு, ஏழு மணி நேரம் ஆயிற்று. ரயில் பெட்டிக்குள் வெயில். எதிரே இருந்த டச்சுக்காரப் பெரியவர் ஒரு பை நிறையச் செர்ரிப் பழம் வைத்திருந்தார். தன் பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லிக்கொண்டே பாதியை எங்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டார்.

கதை இதுதான். 2019இல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில், தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில், சட்டம் படித்த 27 மாணவர்கள் ஒரு வகுப்பில் கூடினார்கள். எட்டுத் தீவு நாடுகளின் பிள்ளைகள். காலநிலை மாற்றத்துக்கு எதிராகச் சட்டத்தில் எட்டக்கூடிய பெரிய வழி எது என்று தேடினார்கள். சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்பது என்று முடிவெடுத்தார்கள். நாடுகளுக்கு இதில் என்ன கடமை, கடமை தவறினால் என்ன விளைவு என்று உலகத்தின் மிகப் பெரிய நீதிமன்றம் சொல்ல வேண்டும். பசிபிக் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு எடுத்துக்கொண்டது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் தீர்மானத்தை நிறைவேற்றியது, 132 நாடுகள் இணைந்து முன்மொழிந்திருந்தன. 2024 டிசம்பரில் ஹேக்கில் இரண்டு வாரம் விசாரணை நடந்தது. 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வந்து வாதாடின. வகுப்பில் எழுந்த கேள்விக்கு.

ஹேக் நகரம் முழுக்க இரும்பு வேலிகள். நாளை மறுநாள் நேட்டோ உச்சி மாநாடு. சாலைகளை அடைத்திருந்தார்கள், ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. டிராம் எது ஓடும், எது ஓடாது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தோம். வழியில் ஒரு வண்டிக்கடையில் ஹெரிங் மீன் விற்றார்கள். இப்போதுதான் புது மீன் பருவமாம். வேகவைக்காத மீன், மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம், நான்கு யூரோ. வாலைப் பிடித்துத் தலையை அண்ணாந்து சாப்பிட வேண்டும் என்று கடைக்காரம்மா செய்து காட்டினார். தோழி ஒரே வாயில் முடித்துவிட்டாள். எனக்கு இரண்டாவது கடியில்தான் பிடித்தது. வெண்ணெய் போல இருந்தது.

நீதிமன்றம் இயங்கும் அமைதி அரண்மனை பூட்டியிருந்தது. 1913இல் திறந்த செங்கல் கட்டடம், ஒரு பக்கம் மணிக்கூண்டுக் கோபுரம். வாயிலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அணையா விளக்கு. நீதிபதிகள் பதினைந்து பேரும் இன்னும் கருத்தைச் சொல்லவில்லை, கோடையில் வரலாம் என்றுதான் பேச்சு. தோழி கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். காவலர் வந்தார். தள்ளிப் போகச் சொல்வாரோ என்று நினைத்தேன். படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

பேச்சுவார்த்தை 26 வரை போகும். எங்கள் இருவருக்கும் கிடைத்த நிதி இன்றோடு முடிகிறது. முக்கியமான முடிவுகள் எப்போதும் கடைசி இரண்டு இரவுகளில்தான் எட்டப்படுகின்றன. இளைஞர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கிளம்பிவிட வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நான் எங்கள் குழுவின் அறிக்கையில் எழுதியிருக்கிறேன்: ஆறு பேரைப் பாதி நாட்களுக்கு மட்டும் அனுப்புவதைவிட மூன்று பேரைக் கடைசி வரை இருக்க வையுங்கள்.

எங்கள் குறிப்பேடுகளை பிலிப்பைன்ஸ் நண்பரிடம் ஒப்படைத்தோம். எந்த நாடு என்ன சொன்னது, யார் ஆமோதித்தார்கள், யாருக்கு என்ன சந்தேகம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. “வயது” பெலேம் வரை நிற்குமா, வழியில் உதிருமா என்று சொல்ல முடியாது. தோழி காபி வரிசையில் நின்று, சுமை என்று சொன்ன அந்த நாட்டின் அதிகாரியைப் பிடித்து, பள்ளி வருகைப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதையும் திரட்ட வேண்டாம் என்று விளக்கினாள். பத்து நிமிடம். வெள்ளிக்கிழமை கிடைத்ததைப் போலப் பத்து மடங்கு. அவர் தன் அட்டையைக் கொடுத்தார்.

கிளம்பும்போது வீட்டுக்கார அம்மாவிடம் பாட்டில்களைக் கொடுத்தேன். மொத்தம் 14, மூன்றரை யூரோ தேறும். பேத்திக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றார்.

ஜூலை 23, புதன்

பயணம் முடிந்து ஒரு மாதம். ஆனாலும் இந்த நாளை இங்கே சேர்க்க வேண்டும்.

சர்வதேச நீதிமன்றம் இன்று கருத்தை வாசித்தது. பானில் பழகிய எட்டு பேரும் குழு அழைப்பில் இணைந்து நேரலையில் பார்த்தோம். தலைமை நீதிபதி இவசாவா யுஜி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிதானமாக வாசித்தார். காலநிலையைக் காக்க நாடுகளுக்குச் சட்டப்படி கடமை உண்டு, தவறினால் அது சர்வதேசச் சட்டத்தை மீறிய செயலாகலாம், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்ய வேண்டியும் வரலாம். பதினைந்து நீதிபதிகளும் ஒருமனதாக. அரண்மனை வாயிலுக்கு வெளியே கூடியிருந்தவர்களைக் காட்டினார்கள். நாங்கள் நின்ற அதே கம்பிகள்.

தோழியின் பக்கம் இணைப்பு விட்டு விட்டு வந்தது. பள்ளி ஆசிரியர் அறையில் கைபேசியை ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தாள். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அழைப்பு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. பானில் அட்டை கொடுத்த அதிகாரி அவளுக்குப் பதில் எழுதியிருக்கிறார், பதிவேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்று கேட்டிருக்கிறார். பிள்ளைகளின் பெயர்களை மறைத்து, வயது மட்டும் தெரியும்படி அவள் படம் எடுத்திருந்தாள். அவருக்கு அனுப்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தாள்.

இரண்டாவது வரியில் ஒரு பெயர் லேசாகத் தெரிந்தது. அதையும் மறைத்துத் திருப்பி அனுப்பினேன்.